பட்டியலில் தலை இல்லை

"இன்னிக்கு என்ன கெழமைங்க?"

சாணி கரைத்த கையோடு பூவாத்தாள் கேட்பாள். மயில்சாமி வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வானத்தைப் பார்ப்பார்.

"வெள்ளி."

"நேத்துத்தானுங்க வெள்ளி."

"அப்பச் சனி."

"இது எந்த ஊருங்க?"

"சிங்காநல்லூரு."

"நம்ம புள்ளை பேரு?"

"கருப்பாத்தா."

"நம்ம சாமி?"

"காரமடை ரங்கநாதரு."

நாலாவது கேள்விக்கு மட்டும் அவர் ஒரு நாளும் தடுமாறியதில்லை. அந்தப் பதிலைக் கேட்டதும் பூவாத்தாள் தாலிச் சரட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மீதி வாசலைத் தெளிக்கப் போய்விடுவாள். நான் யாருங்க என்று அவள் கேட்பதில்லை. அதைக் கேட்க வேண்டியதில்லை என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள்.

இப்படிப் பதினோரு மாதமாகக் கேட்டு வருகிறாள். ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது கம்பவுண்டர்தான் சொல்லி அனுப்பினார். "கேட்டுக்கிட்டே இரும்மா, மறந்துபோனது திரும்பினாலும் திரும்பும்" என்றார். அவர் என்ன நினைத்துச் சொன்னாரோ, இவள் அதை விரதம் மாதிரி பிடித்துக்கொண்டாள்.

மயில்சாமிக்கு மில்லில் பஞ்சுக் கிடங்கில் வேலை. வந்து இறங்குகிற பஞ்சைக் கையில் எடுத்து, இழுத்துப் பார்த்து, எது எந்தக் கலவைக்கு ஆகும் என்று பிரித்துச் சொல்லவேண்டும். ஒரு சிட்டிகை எடுத்தாரானால் இழையின் நீளம் மட்டுமல்ல, அது அவினாசிப் பக்கத்துக் காட்டில் விளைந்ததா, பல்லடத்துக் காட்டில் விளைந்ததா, சந்தையில் மழையில் நனைந்ததா என்பதுகூட அவர் வாயில் வந்துவிடுமாம். போன ஐப்பசியில் அடுக்கி வைத்திருந்த பஞ்சுப் பேல் ஒன்று நாலாம் வரிசையிலிருந்து சரிந்து அவர் தலையில் விழுந்தது. பஞ்சு விழுந்தா மண்டை உடையுமா என்று கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய பேலை நாலு ஆள் சேர்ந்துதான் புரட்ட முடியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பன்னிரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தார்.

இப்போது காயம் ஆறி, அந்த இடத்தில் முடிகூட முளைத்துவிட்டது. தண்ணீர் இறைக்கச் சொன்னால் இறைப்பார். நிறுத்தச் சொல்ல மறந்தால் தொட்டி நிறைந்து வழிந்தாலும் இறைத்துக்கொண்டே இருப்பார். கடைக்கு உப்பு வாங்கப் போனவர் உப்பையும் மறந்து, கடையையும் மறந்து, குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்ததை மூன்று தடவை போய்க் கூட்டி வந்தாயிற்று.

பக்கத்து வீட்டுக் காளியாத்தாளின் புருஷனுக்கு அதே மில்லில் மிஷினில் சிக்கி இரண்டு விரல் போயிற்று. நஷ்டஈடு மூன்றே மாதத்தில் வந்துவிட்டது.

"எங்கூட்டுக்காரரு கையைத் தூக்கிக் காட்டுனாரு, குடுத்துப்போட்டாங்க. நீ எதைத் தூக்கிக் காட்டுவே பூவா? உன்ற ஊட்டுக்காரரு ராசாவாட்டம் உக்காந்திருக்கறாரு!"

பூவாத்தாளும் விடமாட்டாள். "ராசாவேதான் அக்கா. உங்கூட்டுக்காரருக்கு எட்டு விரல் இருந்தும் ஒரு வாளி தண்ணி தூக்கறாரா?" என்று சிரித்துவிட்டு வருவாள். உள்ளே வந்தபின் சிரிப்பு இருக்காது.

காளியாத்தாள் சொன்னதையேதான் வக்கீல் வெங்கடபதியும் சொன்னார், கொஞ்சம் மரியாதையாக. சர்க்கார் சட்டத்தில் ஒரு பட்டியல் இருக்கிறதாம். கட்டை விரல் போனால் நூற்றுக்கு இருபத்தைந்து, ஒரு கண் போனால் நூற்றுக்கு முப்பது என்று அங்கம் அங்கமாகப் போட்டிருக்கிறதாம்.

"தலைக்கு எத்தனை போட்டிருக்குதுங்க?"

"பட்டியல்ல தலை இல்லை அம்மணி. தலையிலே அடிபட்டால் டாக்டர் என்ன சொல்றாரோ, அதுதான். ஆள் என்ன சம்பளம் வாங்கினான், இனிமேல் எந்த வேலைக்காவது ஆவானா, அடிபட்டபோது குடிச்சிருந்தானா, நிற்கக் கூடாத இடத்தில் நின்றானா, எல்லாம் கேட்பாங்க."

"அவரு கள்ளைத் தொட்டதே இல்லீங்க. மேஸ்திரி நிக்கச் சொன்ன எடத்துலதானுங்க நின்னாரு."

"அதற்குச் சாட்சி இருக்குது. வேறு ஒன்றுதான் எனக்குக் கவலை. கை கால் நல்லா இருக்குது, கூட்டிப் பெருக்குகிற வேலைக்குப் போகட்டும்னு மில் தரப்பிலே சொல்றாங்க. மாசம் இருபத்தெட்டு ரூபாய் வாங்கின ஆள் ஒன்பது ரூபாய்க்கு. விசாரணை அன்றைக்கு ஒண்ணும் சோடிக்காம, ஆள் இருக்கிறபடியே கூட்டிட்டு வாங்க."

இருக்கிறபடியே! முன்பு இருந்தபடி ஒருத்தரைக் கொண்டுவர முடியுமானால் இவள் ஏன் வக்கீல் வீட்டு வாசலில் நிற்கிறாள்?

முன்பெல்லாம் அந்த வீட்டில் சண்டை இல்லாத வேளைச் சோறு கிடையாது. "ஏனுங்க கலெக்டரம்மா, இது களியா, சுவத்துக்குப் பூசற மண்ணா?" என்று தட்டை முன்னே தள்ளுவார். "மண்ணுதான், தின்னுட்டுச் செவுராட்டம் நில்லுங்க" என்று இவள் திருப்பித் தள்ளுவாள். கருப்பாத்தாள் நடுவில் உட்கார்ந்து சிரிக்கும். இப்போது போட்டதைச் சாப்பிடுகிறார். போடாவிட்டால் கேட்பதில்லை.

ஆடி மாதத்தில் ஒரு நாள் பூவாத்தாள் வேண்டுமென்றே கொள்ளுப் பருப்பில் உப்புப் போடவில்லை. பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். ஒரு வசவு, ஒரு முகச்சுளிப்பு, ஏதாவது வந்துவிடாதா என்று இருந்தது. அவர் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார்.

"நல்லா இருக்குதுங்க" என்றார், விருந்துக்கு வந்தவர் மாதிரி.

அவள் எழுந்து கிணற்றடிக்குப் போய், நிறைந்திருந்த குடத்தைக் கொட்டிவிட்டு மறுபடி இறைத்தாள்.

நஷ்டஈட்டுப் பணம் வந்தால் ஒரு கறவை எருமை பிடிக்கலாம், கருப்பாத்தாளை மில்லுக்கு அனுப்பாமல் காப்பாற்றலாம் என்று கணக்கு வைத்திருந்தாள். அந்தப் பணம் வேண்டுமென்றால் அவருக்குச் சுகமில்லை என்று நஷ்டஈட்டை விசாரிக்கிற அதிகாரி முன்னால் நிரூபணம் ஆகவேண்டும். சாமி முன்னால் விளக்கு வைக்கும்போதோ அவருக்குச் சுகமாகவேண்டும் என்றுதான் வேண்டுவாள். இரண்டையும் ஒரே வாயால் கேட்கிறோமே, ரங்கநாதர் என்ன நினைப்பாரோ என்ற பயமும் இருந்தது.

விசாரணை நாள் வந்தது. வக்கீல் சொன்னது நினைவிருந்தும், ஊர் பார்க்க அவரைப் பரதேசி போல் நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். நாமம் இட்டாள். பெட்டியிலிருந்த சலவை வேட்டியைக் கட்டிவிட்டாள். பட்டணத்திலிருந்து வந்திருந்த அதிகாரியின் முன்னால் மயில்சாமி நின்றபோது, பெண் கேட்டு வந்தவர் போல இருந்தார்.

விசாரணைக்கு அழைத்திருந்த டாக்டர் எழுந்து அவரைப் பார்த்தார்.

"இன்றைக்கு என்ன கிழமை?"

"புதன்."

"நீ இருக்கிற ஊர்?"

"சிங்காநல்லூருங்க."

"குழந்தை உண்டா? பேர் என்ன?"

"ஒரு புள்ளைங்க. கருப்பாத்தா."

ஒன்றிலும் தடுமாற்றமில்லை. வானத்தைப் பார்க்கவில்லை. பூவாத்தாளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "ரங்கநாதா" என்று முனகியே விட்டாள். மில் வக்கீல் காகிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சிரித்ததையும், வெங்கடபதி நெற்றியைப் பிடித்துக்கொண்டதையும் அப்புறம்தான் பார்த்தாள். பதினோரு மாதப் பாடத்தை அவர் சரியாக ஒப்பித்துவிட்டார்.

வெங்கடபதி எழுந்தார். ஒரு பரீட்சை மட்டும் வைக்க அனுமதி கேட்டு, மேஜையின்மேல் இரண்டு காகிதப் பொட்டலங்களைப் பிரித்தார். இரண்டிலும் பஞ்சு. "இவர் இருபது வருஷம் செய்த வேலை இதுதான். ஒன்று கம்போடியாப் பஞ்சு, ஒன்று கருங்கண்ணிப் பஞ்சு. இரண்டில் எது எது என்பது கிடங்கில் புதிதாகச் சேர்ந்த பையனுக்குக்கூடத் தெரியும்."

மயில்சாமி முதல் பொட்டலத்தில் ஒரு சிட்டிகை எடுத்தார். இரண்டு கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே கூடின. இழுத்தார், ஒன்றின்மேல் ஒன்று படியவைத்தார், மறுபடி இழுத்தார். நூல்நூலாக இழை படிந்து நின்றது. அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தக் கைகளையே பார்த்தார்.

"சரி. இது எந்தப் பஞ்சு?" என்றார்.

விரல்கள் நின்றன. மயில்சாமி இழையைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, கதவோரம் நின்ற பூவாத்தாளைப் பார்த்தார்.

அவளுக்குத் தெரியும். அந்த நீளமும் அந்தப் பளபளப்பும் கம்போடியாதான். கல்யாணமான பதினாலு வருஷமும் பஞ்சை மடியில் முடிந்துவந்து காட்டியவர் அவர்தானே! தினமும் விடியலில் பார்க்கிற அதே பார்வையோடு, அவள் எடுத்துக் கொடுப்பாள் என்று நம்பி, அவர் காத்திருந்தார். அவள் உதடு பிரிந்தது.

பூவாத்தாள் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்து, பல்லால் இறுக்கிக் கடித்துக்கொண்டாள்.