மீன்காரன் வீட்டில் கீமோ

மீன் ஏலம் எடுக்கிறவனுக்குப் பெரிய குரலும் நல்ல மூக்கும் வேண்டும். படிப்பில்லாத நான் இந்த இரண்டை வைத்துத்தான் ஆளானேன். என் மனைவி செல்விக்கு மார்பில் புற்றுநோய் என்று கீமோ ஆரம்பித்ததும், இரண்டுமே வீட்டில் எனக்கு எதிரியாகிவிட்டன. ஊசி ஏறும்வரை வார்டு வாசலில் உட்கார்ந்திருப்பவர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

வாசலோடு நில்லுங்க

கிளிஞ்சல்மேட்டில் ஏலம் முடித்து, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தேன். படுத்திருந்தவள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினாள். மறுநாள் சோப்பை மாற்றினேன். எலுமிச்சம்பழத்தை முழங்கை வரை தேய்த்தேன். சட்டையைக் கொல்லையிலேயே கழற்றிப் போட்டேன். எதுவும் எடுபடவில்லை. வாந்தி எடுத்துக் களைத்துச் சுவரில் சாய்ந்தபடி சொன்னாள்:

"நீங்க தெருமுனை திரும்பும்போதே தெரியுதுங்க. ஏலத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க, எது நேத்து மீனுன்னு படுத்துக்கிட்டே சொல்றேன்."

வார்டில் பேரம்

முடி கொட்டியதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். வாய்ப்புண் வந்ததும் உடைந்துபோனாள். குழைந்த மோர்சாதம்கூட இறங்கவில்லை. இன்னும் இரண்டு ஊசி பாக்கி இருக்கும்போது, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நான் டாக்டரிடம் போய், கடைசி இரண்டையும் ஒன்றாக்கி முடித்துவிடுங்கள் என்றேன். புண்ணுக்கு மருந்து தருகிறேன், ஊசியைக் குறைக்க முடியாது என்றார். ஒவ்வொரு ஊசியின்போதும் போல அன்றும் எனக்குக் கோபம் ஏறிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. நர்சம்மா மட்டும் அசையாமல் சொன்னார்:

"கொசுறு கேட்கறதுக்கும் கழிச்சுக்கறதுக்கும் இது மீன் கூறு இல்லண்ணே. நீங்க கழிக்கிறது உங்க சம்சாரம் உயிர்ல."

அவள் சொன்ன விலை

வீட்டுக்கு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழக்கமாக இந்த இடத்தில் அதட்டியிருப்பேன். அன்று மட்டும், என்ன செய்தால் வருவாய் என்று கேட்டேன். கண்ணை மூடியபடியே சொன்னாள்:

"புண்ணைப் பொறுத்துக்குவேங்க. ஊசி போட்ட கையோட, உங்க சண்டைக்கும் சேர்த்து அங்க தலைகுனிய முடியல. வாயே திறக்காம பக்கத்துல உட்காருங்க, வர்றேன்."

உட்கார்ந்தேன். கை பிடித்துக்கொண்டு, சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு. ஊசி போட்ட வாரமெல்லாம் கடற்கரைப் பக்கமே போகவில்லை. கருக்களாச்சேரி படகுக்காரர் ஒருவர் போனில் குறைப்பட்டுக்கொண்டார்:

"நீங்க மல்லுக்கு நிக்காம விலையே ஏற மாட்டேங்குது. அண்ணியைச் சீக்கிரம் தேத்தி விடுங்க."

சங்கரா

கடைசி ஊசி முடிந்து கொஞ்ச காலம் கழித்து, ஏலம் முடித்து வந்தேன். பழக்கம் விடாமல் வாசலோடு நின்றேன். உள்ளே அவள் முகத்தைத் தூக்கி மோந்தாள். வாயைப் பொத்தவில்லை.

"சங்கராதானே? ஊருக்கெல்லாம் வித்துட்டு வெறுங்கையோட வந்து நிக்கிறீங்களே, குழம்புக்கு நாலு எடுத்து வரத் தோணலையா?"

எத்தனையோ சரக்கு வாங்கியிருக்கிறேன். எதிராளி சொன்ன விலையில் துளிகூடக் குறைக்காமல், வாயையும் மூடிக்கொண்டு நான் வாங்கி வந்தது இவள் உயிர் ஒன்றைத்தான்.