ஊசிதானே ஆகாது

சலவை ஆலையின் இஸ்திரிப் பிரிவில் அவளுக்குக் கம்பவுண்டர் என்று பட்டப்பெயர். இருபத்திரண்டு வருஷமாக நின்றபடியே ஓட்டல் படுக்கை விரிப்புகளை நீராவி உருளைக்குள் தள்ளித் தள்ளி, சாயங்காலத்துக்குள் கால் இரண்டும் தூணாக வீங்கிவிடும். வீட்டுக்குப் போனால் அடுப்படி காத்திருக்கும். அலுப்பு என்று வாய்விட்டுச் சொல்லக்கூட அலுப்பாக இருந்தது அவளுக்கு.

பட்டப்பெயர் வந்தது ஒரு பிஸ்கட் டப்பாவால். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை மூன்று நாள் விழுங்கிவிட்டு, காய்ச்சல் விட்டதும் மிச்சத்தை அதில் போட்டுவிடுவது அங்கே வழக்கம். அட்டையோடு போட்டால் இடம் அடைக்குமாம். ஒவ்வொன்றாகக் கத்தரித்துப் போடுவார்கள். பெயர் ஒரு துண்டில், தேதி இன்னொரு துண்டில். இந்தக் கூத்தை யார் கேட்பது? ஆஸ்பத்திரிக்குப் போக அரை நாள் லீவு கேட்டாலே சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். டப்பா இவளுடைய அலமாரியில் இருந்தது. இவள் எடுத்துக் கொடுத்தால் உடனே கேட்கும், கை ராசி என்று ஊரே சொல்லிச் சொல்லி, பாவி, அவளும் அதை நம்பிவிட்டாள்.

அன்று மதியம் தங்கை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இவளே சொல்லி மடிப்பு மேசையில் சேர்த்துவிட்ட, கூடப் பிறந்த தங்கை. கடைவாய்ப் பல் இரண்டு நாளாக உயிரை எடுக்கிறது, தாடையும் வீங்கிவிட்டது.

"நாளைக்குப் பல்லு டாக்டர்கிட்ட போறேன். இன்னிக்குப் பொழுது ஓடணும்க்கா. ஏதாவது குடு."

"உனக்கு பென்சிலின் ஆகாதேடி."

"அது ஊசிதானே ஆகாது. அதுவும் எப்பவோ சின்ன வயசுல. மாத்திரைக்கு என்ன?"

பத்து வயதில் ஊசி போட்ட கையோடு தங்கைக்கு உடம்பெல்லாம் தடித்துப்போனதைக் கம்பவுண்டர் கண்ணால் பார்த்தவள்தான். ஆனாலும் தங்கை சொன்னது நியாயமாகப் பட்டது. ஊசி வேறு, மாத்திரை வேறு. ஆலையின் வேன் டிரைவர் போன மாதம் பல்வலிக்கு வாங்கி மிச்சம் வைத்த நீளமான வெள்ளை மாத்திரை ஒன்று டப்பாவில் கிடந்தது. துண்டில் பெயரின் கடைசி இரண்டு எழுத்துதான் மிச்சம். பல்வலிக்கு வாங்கியது பல்வலிக்குக் கேட்காமல் எங்கே போகும்? எடுத்துக் கொடுத்தாள்.

கால் மணி நேரத்தில் தங்கை கழுத்தைச் சொறிந்தாள். அப்புறம் உதடு தடித்தது. மூச்சை இழுத்தபோது உள்ளே விசில் அடித்தது. பாதி மடித்த விரிப்போடு மேசையில் சரிந்தாள்.

வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். கூட வந்த சூப்பர்வைசர் கம்பவுண்டரின் காதோரம் குனிந்தார். "சாப்பாடு ஒத்துக்கலைன்னு சொல்லிடும்மா. டப்பா விஷயம் வெளியே போனா உன் வேலைக்குத்தான் முதல்ல ஆபத்து."

அவள் மடியில் கிடந்த முகம் அடையாளமே தெரியாமல் ஊதிக்கொண்டு போனது. அந்த நேரத்திலும் வேலை போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு நினைப்பு ஓடியது. தன்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது.

அவசரப் பிரிவில் டாக்டரம்மா தொடையில் ஊசியைப் போட்டபடியே கேட்டார்: "என்ன சாப்பிட்டாங்க?"

"மாத்திரை. நான்தான் குடுத்தேன்." கையில் பொத்தி வைத்திருந்த அட்டைத் துண்டை நீட்டினாள். "பென்சிலின் ஊசி இவளுக்கு ஆகாது டாக்டர். இது மாத்திரைதானேன்னு..."

இரண்டு எழுத்தை வைத்துக்கொண்டு யாரால் என்ன கண்டுபிடிக்க முடியும்? நல்லவேளை, வாசலில் நின்ற வேன் டிரைவர் மாத்திரையின் பெயரைச் சொன்னார். ஐந்து நாளுக்குக் கொடுத்ததை மூன்றாம் நாளே நிறுத்தியதையும் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்.

"அதுல இருக்கறது அமாக்சிசிலின். பென்சிலின் குடும்பம்தான்," என்றார் டாக்டரம்மா. "கிருமி அதை முறிச்சிடாம இருக்கக் கூட இன்னொரு மருந்து சேர்த்திருக்காங்க, அவ்வளவுதான். ஊசியா போனா என்ன, மாத்திரையா போனா என்னம்மா? உடம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவர் திட்டவில்லை. காலையிலிருந்து நின்ற களைப்பு அவர் குரலிலும் இருந்தது. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று கம்பவுண்டருக்குப் பட்டது.

தங்கை பிழைத்துக்கொண்டாள். வீக்கம் மறுபடி வரலாம் என்று மறுநாள் வரை வைத்திருந்தார்கள். காலையில் நர்ஸ் அரிப்புக்கு ஒரு மாத்திரையைக் கம்பவுண்டரிடம் கொடுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். கம்பவுண்டர் அதைத் தண்ணீரோடு நீட்டினாள்.

தங்கை வாங்கவில்லை.

"கோவிச்சுக்காதக்கா," என்றாள். குரல் இன்னும் கரகரத்தது. "நர்ஸ் வரட்டும். என்ன மாத்திரைன்னு கேட்டுட்டுப் போட்டுக்கறேன்."

கை ராசியாம், கை ராசி. கம்பவுண்டர் மாத்திரையைத் தட்டில் வைத்துவிட்டு, "கேளு," என்றாள். நர்ஸ் வரும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.