அழைப்புத் தரம்: பத்துக்கு நாலு

தெருவில் அவரைப் போன்வாத்தியார் என்பார்கள். அவர் பாடம் நடத்தி யாரும் பார்த்ததில்லை. போன்களுக்கு மார்க் போடுகிறவர் என்பதால் வந்த பெயர் அது. ஓர் இணையதளத்தில் ‘தினசரிக்குத் தாங்குமா?’ என்று ஒரு பகுதி வரும். பதினோரு வருடமாக அதை எழுதிவந்தவர் அவர்தான். உச்ச விலைப் போன்களைப் பார்க்க வேறு ஆட்கள் இருந்தார்கள். இவர் பங்குக்கு வந்ததெல்லாம் நடுத்தர ரகம்: ஒரு குடும்பம் யோசித்து யோசித்து வாங்கி, மூன்று வருடம் பத்திரமாக வைத்திருந்து, அதன் பிறகு வீட்டில் இன்னொருவர் தலையில் கட்டுகிற ரகம்.

குடியிருந்தது சாவி செய்கிறவர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. இரண்டு வாரத்துக்கு ஒரு பார்சல் வரும். புதுப் போனில் தன் சிம்மைப் போட்டுக்கொண்டு பதினான்கு நாள் அதோடு வாழ்வார். சாவிக்கொத்தோடு சேர்த்துப் பைக்குள் போடுவார், ஈரக் கையால் தொடுவார், சார்ஜ் எத்தனை மணிவரை நிற்கிறது என்று பார்ப்பார். ஜன்னலோரம் ஒரு தொட்டிச்செடி இருந்தது. எல்லாப் போனும் முதலில் எடுக்கும் படம் அதுதான். அந்தச் செடியை அவர் எடுத்த அளவுக்கு யாரும் பெற்ற பிள்ளையைக்கூடப் படம் எடுத்திருக்க மாட்டார்கள். பதினைந்தாம் நாள் போனைத் துடைத்துப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார். சொந்தமாக அவரிடம் ஒரு போன்கூடக் கிடையாது என்பது தெருவில் பெரிய வேடிக்கை.

மற்றதையெல்லாம் தனியாளாகப் பார்த்துவிடலாம். பேச்சு எப்படிக் கேட்கிறது என்று பார்க்க மட்டும் எதிர்முனையில் ஓர் ஆள் வேண்டும். அவருக்குக் கல்யாணம் ஒன்று நடந்து இரண்டே வருடத்தில் முறிந்துபோயிருந்தது. இணையதளத்து ஆசிரியரம்மா எதுவானாலும் எழுத்தில்தான் அனுப்புவார். மிச்சம் இருந்தது அக்கா.

அக்கா அவரைவிட ஆறு வயது மூத்தவள். மூன்று மணி நேர பஸ் தூரத்தில் இருந்தாள். பை தைக்கிற பட்டறையில் நாற்பது மெஷின்களுக்கு நடுவே வேலை. பக்கத்து மெஷின்காரிக்கு ஒரு வார்த்தை சொல்வதென்றாலும் கத்திச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தால் அவள் கணவர், பஸ் டெப்போவில் முப்பது வருடம் என்ஜின்களோடு மாரடித்துக் காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். அவருக்கும் கத்தித்தான் சொல்ல வேண்டும். நாள் முழுக்கக் கத்தாமல் பேச அக்காவுக்குக் கிடைத்த ஒரே ஆள் தம்பிதான்.

அதனால் சோதனை அழைப்பு என்றால் அவளுக்குக் கொண்டாட்டம். முதலில் அறையிலிருந்து, அடுத்து மாடிப்படியில் நின்று, பிறகு சந்தைக் கூட்டத்தில், கடைசியாக ஓடுகிற பஸ்ஸில் என்று நாலு இடத்திலிருந்து கூப்பிடுவார். ஒவ்வொன்றுக்கும் அவள் தீர்ப்புச் சொல்வாள். தண்ணித் தொட்டிக்குள்ள தலைய விட்டுப் பேசுற மாதிரி இருக்குடா என்பாள். உன் பக்கத்துல ஒருத்தன் வெங்காயம் விக்கிறது நல்லாக் கேக்குது, நீதான் கேக்கல என்பாள். தீர்ப்பு முடிந்ததும் பட்டறைக் கதை, மாமா கதை, கீழ்வீட்டுக் குழாய்ச் சண்டை. பேசியதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கத் தேதி போட்டுப் பதிவு செய்து வைப்பார். அக்காவிடம் இருந்தது பட்டன் வைத்த பழைய போன். அதை மாற்றச் சொல்லி அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த முனை மாறாமல் இருந்தால்தான் இந்த முனையின் குறை தெரியும் என்பது அவர் கணக்கு. போனும் அதே போன், அக்காவும் அதே அக்கா. வித்தியாசம் ஏதாவது கேட்டால் அது புதுப் போனின் குற்றம்.

கோடை தொடங்கும்போது நீல முதுகு வைத்த ஒரு போன் வந்தது. படம் நன்றாக இருந்தது, சார்ஜ் ஒன்றரை நாள் நின்றது. பேச்சில்தான் உறுத்தல். அக்காவின் குரலில், தானியத்தோடு மண் கலந்த மாதிரி ஒரு கரகரப்பு. நாலு இடத்திலும் அப்படியே. அவளிடமும் சொன்னார்: போன் சரியில்லக்கா, உன் குரலக் கெடுக்குது. அப்படியா என்று கேட்டுவிட்டு அவள் கீழ்வீட்டுக் கதைக்குப் போய்விட்டாள். அழைப்புத் தரத்துக்குப் பத்துக்கு ஆறு போட்டார்.

அடுத்து வந்தது வேறு கம்பெனி. அதிலும் கரகரப்பு. அதற்கடுத்ததும் அப்படித்தான், இன்னும் கொஞ்சம் கூடுதலாக. அப்போது அவருக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. கம்பெனிக்காரர்கள் எல்லோரும் காமிராவுக்குச் செலவழித்துவிட்டுக் காதில் வைக்கிற ஸ்பீக்கரில் கை வைக்கிறார்கள். உட்கார்ந்து ஒரு நீளக் கட்டுரை எழுதினார். பேசுவதற்காகக் கண்டுபிடித்த சாமானில் பேச்சுதான் கடைசி வரிசை என்று கோபமாகவே எழுதினார். பதினோரு வருடத்தில் அவர் எழுதிய எதையும் அத்தனை பேர் படித்ததில்லை. ஆசிரியரம்மா முதல் பக்கத்தில் வைத்தார். எனக்கும் அப்படித்தான் கேட்கிறது, என் அம்மா குரலே மாறிவிட்டது என்று வாசகர்கள் வரிசையில் நின்று எழுதினார்கள். போன்வாத்தியார் இரண்டு நாள் தெருவில் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தார்.

கரகரப்பு தொடங்கிய ஏழாவது மாதம் ஒரு போனுக்குப் பத்துக்கு நாலு போட்டார். அந்தக் கம்பெனி சும்மா விடவில்லை. எங்கள் ஆளை அனுப்புகிறோம், உங்கள் எதிரிலேயே சோதித்துக் காட்டட்டும் என்று எழுதிக் கேட்டது. வந்தவர் நாற்பது வயதுப் பெண், ஒலிப் பொறியாளர். பெட்டி நிறையக் கருவியோடு இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்க ஸ்டூலில் உட்கார்ந்தார். சண்டை போடுகிற முகமாக இல்லை. அவருடைய பதிவுகளைக் கேட்கலாமா என்றார். போன்வாத்தியார் தேதி வரிசையில் எடுத்துக் கொடுத்தார். அந்தம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் மாதத்துப் பதிவைக் கேட்டார், மூன்றாம் மாதத்தைக் கேட்டார், முந்தின வாரத்தைக் கேட்டார். மறுபடி முதலிலிருந்து கேட்டார்.

“இதே போன்ல வேற யாரையாவது கூப்பிட்டுப் பாத்தீங்களா சார்?”

கூப்பிட வேறு ஆள் இல்லை என்பதை அந்நியரிடம் எப்படிச் சொல்வது? அந்தம்மா தன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லிவிட்டு, எழுந்துபோய் மாடிப்படியில் நின்றுகொண்டு பேசினார். ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணினார். கண்ணாடியைத் துடைத்து வைத்தாற்போல் இருந்தது குரல். எந்தக் கரகரப்பும் இல்லை.

திரும்பி உள்ளே வந்து கருவிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கினார். ஜெயித்தவர் மாதிரி இல்லை. பெட்டியை மூடிய பிறகுதான் சொன்னார்:

“போன்ல கோளாறு இல்ல சார். அவங்க உங்களுக்கு யாரு? தொண்டைய ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க. தள்ளிப்போடாதீங்க.”

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனார். அக்கா கதவைத் திறந்து வாடா என்றாள். போனில்லாமல் அவள் குரலை அவர் நேரில் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்த ஒரு வார்த்தையிலேயே எல்லாம் இருந்தது. மாமா உள்ளேயிருந்து வந்து சந்தோஷமாகக் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. அவர் காதுக்கு அக்காவின் குரல் எப்போதும் எங்கோ தூரத்தில் கேட்கிற ஒன்றுதான். பட்டறையிலோ, கத்திக் கத்தித் தொண்டை கட்டாதவள் என்று ஒருத்தியும் கிடையாது. யார் கண்டுபிடிக்க?

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதை எடுத்து அனுப்பினார்கள். பத்து நாளில் முடிவு வந்தது: குரல்வளையில் புற்று. டாக்டர் போன்வாத்தியாரை மட்டும் உள்ளே கூப்பிட்டு, குரல் எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். அவர் தேதியைச் சொன்னார். அன்று அறையிலிருந்து பேசியது, சாயங்காலம் நாலே கால் மணி என்றும் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“இவ்வளவு சரியா இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லங்க. எல்லாரும் ரெண்டு மாசம் இருக்கும், மூணு மாசம் இருக்கும்பாங்க.”

பிறகு, ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கதிர்வீச்சு வைத்தியத்தோடு குரலைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு இருந்தது என்றார். இப்போது குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும். கழுத்தில் ஒரு துளை இருக்கும், மூச்சு அதன் வழியாகத்தான். குரல் இருக்காது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம், மாமா மருந்து வாங்கப் போயிருந்த நேரம், அக்காவும் அவரும் வார்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று நாள் கணக்காக மனசுக்குள் அரைத்துக்கொண்டிருந்ததைச் சொன்னார். ஏழு மாதமாக அது தன் காதில் விழுந்துகொண்டே இருந்தது, போன் மேல் பழியைப் போட்டது தான்தான் என்றார். அக்கா தொண்டையைத் தொட்டுக் காட்டினாள்.

“எனக்கும் தொண்ட ஒரு மாதிரிதான்டா இருந்துச்சு. முழுங்கறப்ப உறுத்தும். நீ போனுன்னு சொன்ன. நீ தெரிஞ்சவன், சரி போனாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

அவள் குத்திக்காட்டவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் அவருக்கு அழவாவது முடிந்திருக்கும். அதன் பிறகு அவள் பேசியதெல்லாம் வீட்டு விஷயம்: கேஸ் சிலிண்டர் எப்போது பதிந்தது, மாமாவின் மூக்குக் கண்ணாடி எந்த டப்பாவில் இருக்கிறது, பட்டறையில் யாரிடம் லீவு சொல்ல வேண்டும். சாயங்காலம்வரை சொல்லிக்கொண்டே இருந்தாள். கரகரத்து, காற்றாகி, பாதி வார்த்தை உதட்டில் மட்டும் வந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.

வெளியே வந்த அக்கா கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தாள். இருமினால் சத்தம் கழுத்திலிருந்து வந்தது. போன்வாத்தியார் அறைக்குத் திரும்பி முதல் தடவையாக ஒருத்திக்காக மட்டும் போன் தேடினார். எழுதினால் அதுவே படித்துச் சொல்ல வேண்டும், எழுத்துப் பெரிதாக இருக்க வேண்டும், விரல் நடுங்கினாலும் சரியான எழுத்தைப் பிடிக்க வேண்டும். பதினோரு வருடம் தான் எழுதியதையெல்லாம் புரட்டிப் பார்த்தார். அக்காவுக்கு உதவுகிற மாதிரி ஒரு வரிகூட அதில் இல்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை வாங்கிப் போனார்.

அக்கா ஒரு வாரம் முயன்றாள். ஒரு வாக்கியம் எழுத அவளுக்கு ஐந்து நிமிடம் ஆனது. பொத்தானை அழுத்தினால் யாரோ ஒரு சின்னப்பெண் செய்தி வாசிக்கிற மாதிரி, சாப்பிட வாங்க என்றது. மாமாவுக்கு அது காதில் விழவில்லை. ஸ்பீக்கர் அந்த அளவுக்குச் சத்தம் தராது. நடுத்தர விலைப் போன், அதன் சக்தி அவ்வளவுதான். திரையைக் காட்டினால் அவர் கண்ணாடியைத் தேடிப்போவார். திரும்பி வருவதற்குள் திரை அணைந்திருக்கும். எட்டாம் நாள் அக்கா போனை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டு, கடையில் ஒரு நோட்டும் தடித்த பேனாவும் வாங்கிவரச் சொல்லிக் கைகாட்டினாள்.

போன்வாத்தியார் ஆசிரியரம்மாவுக்கு எழுதினார். கட்டுரையில் சொன்னது தவறு, எந்தக் கம்பெனியின் போனிலும் குறை ஏதும் இல்லை, குறை வேறிடத்தில் இருந்தது என்று ஒன்றரைப் பக்கம். ஆசிரியரம்மா அதை இரண்டு வரியாக்கிக் கீழே எங்கோ போட்டார். கட்டுரை அங்கேயே இருந்தது. இப்போதும் யாராவது படித்துவிட்டு, ஆமாம், என் போனிலும் கரகரப்பு என்று எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அப்படி எழுதிய ஒவ்வொருவருக்கும், பேசுகிறவர் யார், அவரை நேரில் போய்ப் பாருங்கள் என்று போன்வாத்தியார் பதில் போட்டார். ஒருவரும் திரும்ப எழுதவில்லை. பார்சல்கள் வருவது நிற்கவில்லை. வேறு தொழிலும் தெரியாததால் அவரும் எழுதுவதை நிறுத்தவில்லை.

ஆபரேஷன் ஆன ஐந்தாம் மாதம் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்க ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள். அக்காவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மாமாவும் போன்வாத்தியாரும் முடிவு கேட்க உள்ளே போனார்கள். டாக்டர் தணிந்த குரலில்தான் ஆரம்பித்தார். மாமா காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, என்னங்க சொல்றீங்க என்றார். டாக்டர் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அப்போதும் மாமாவுக்குக் கேட்கவில்லை. நான் அப்புறம் சொல்றேன் மாமா என்று போன்வாத்தியார் அவர் தோளைத் தொட்டார். மாமா கையைத் தட்டிவிட்டு, டாக்டர் வாயாலேயே சொல்லட்டும் என்று நின்றார். வேறு வழியில்லாமல் டாக்டர் எழுந்து, அவர் காதோரம் குனிந்து கத்தினார்: நுரையீரலுக்குப் பரவிடுச்சு, இனிமே செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, நாலஞ்சு மாசம்.

வெளியே வந்தபோது வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மாமா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாம் சரியாத்தான் இருக்காம், மாத்திர மட்டும் விடாமப் போடணுமாம் என்றார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டு, பையிலிருந்து நோட்டை எடுத்து எதையோ எழுதித் தம்பியிடம் நீட்டினாள்.

மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறுக்குத்தான் என்று எழுதியிருந்தாள். போன்வாத்தியார் அதை மாமாவின் காதில் உரக்கப் படித்துக் காட்டினார். மூன்று பேரும் எழுந்து படியிறங்கினார்கள்.