பொடிக் கட்சி, பீட்ரூட் கட்சி

என் மனைவிக்கு ஓர் ஆசை இருந்தது. பட்டுப் புடவையல்ல, திருப்பதியுமல்ல. ரத்தம் கொடுக்க வேண்டும்.

எங்கள் மகள் பிறந்தபோது முகம் தெரியாத யாரோ ஒருவருடைய ரத்தம் என் மனைவியின் கை நரம்பு வழியே இறங்கியது. அந்த மகள் இப்போது செங்கல்பட்டு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்குப் போகிறாள். "வாங்கினத ஒரு தபாவாச்சும் திருப்பித் தரணும்ல?" என்பாள் மனைவி. உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவ்வப்போது ரத்த தான முகாம் நடக்கும். போன முகாமில் வரிசையில் போய் நின்றாள். விரல் நுனியைக் குத்திப் பார்த்த பெண், "அக்கா, ஹீமோகுளோபின் பன்னெண்டரையாவது இருக்கணும். உங்களுக்குப் பதினொண்ணுகூட இல்ல. மொதல்ல உங்களுக்கு ரத்தம் ஊறட்டும், அப்புறம் குடுக்கலாம்" என்று அனுப்பிவிட்டாள்.

மண்டப வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, "குடுக்கப் போன எடத்துல நானே ஏந்திக்கினு நிக்கற மாதிரி ஆயிப்போச்சிய்யா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் வண்டியில் ஏறி ஏரிக்கரை தாண்டும்வரை பின்னாலிருந்து ஒரு சொல் வரவில்லை. அவள் பேசாமல் வரும் வண்டியை ஓட்டிப் பழக்கமில்லை எனக்கு. கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஆள் இருக்கிறாளா என்று.

அரசு மருத்துவமனையில் சத்து மாத்திரை கொடுத்தார்கள். "சாப்பாட்டையும் பாத்துக்கோங்கம்மா" என்றார் டாக்டர். போகிற போக்கில் சொன்னதுதான். வீடு இரண்டு கட்சியாக உடைவதற்கு அது போதுமானதாக இருந்தது.

மனைவி பீட்ரூட் கட்சி. அவளுடைய நியாயம் கண்ணுக்குத் தெரியும் நியாயம். நறுக்கினால் கை சிவக்கிறது, பலகை சிவக்கிறது, சோறு சிவக்கிறது. உள்ளே போனால் உள்ளேயும் சிவக்காமலா போகும்? பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடையில் மண் ஒட்டிய பீட்ரூட்டாகப் பார்த்துப் பொறுக்கி வந்தாள். பொரியல், கூட்டு, சட்னி. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை வாரம் முழுக்க ஹோலி கொண்டாடியது.

ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபாத்திலிருந்து அவளுடைய தங்கை வந்து இறங்கினாள், கையில் ஒரு பாட்டிலோடு. முருங்கைக் கீரையை உருவி, பழைய நூல் புடவையில் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே நிழலிலேயே காய வைத்து அரைத்த பொடி. மூடியைத் திறந்தால் வெயில் படாத ஒரு பச்சை. மழைக்கு முந்தைய நாள் நாற்றங்காலின் பச்சை.

"இன்னாக்கா, கெழங்கு தின்னுக்கினு கீற? கலரப் பாத்து ஏமாந்துட்டியா? ரத்தத்துக்கு இதான். தெனம் ஒரு ஸ்பூன்."

"நீ போடீ. காஞ்சி போன எலயில இன்னா கீது? உயிரே போச்சி. இது பாரு, வெட்டுனா தண்ணி ஊறுது."

"தண்ணிதான் ஊறுது. அதத்தான் சொல்றேன்."

நாத்தனார் சண்டையைவிட அக்கா தங்கை சண்டையில் சுவை அதிகம். அதில் தீர்ப்புச் சொல்லப் போகிறவன் மடையன். நான் போனேன். ஏனென்றால் நான் நெல் மண்டியில் எடை பார்க்கிற ஆள். தராசைக் கண்டால் கை சும்மா இருக்காது, கால் ஓரிடத்தில் நிற்காது. சமையலறைச் சின்னத் தராசை எடுத்துவந்து நடுக்கூடத்தில் வைத்தேன். ஒரு பக்கம் பீட்ரூட், நூறு கிராம். மறுபக்கம் பொடி, நூறு கிராம். போனில் தேடினேன். அங்கேயும் எல்லாம் நூறு நூறு கிராமாகவே பேசினார்கள். இரும்புச் சத்து என்ற வரியில் முருங்கைப் பொடி ஏரி மதகு திறந்த மாதிரி பாய்ந்தது. பீட்ரூட் பக்கத்தில் ஒரு சொட்டு.

"பொடி ஜெயிச்சிடிச்சி" என்று அறிவித்தேன். "பல மடங்கு. கிட்டவே வரல."

கொழுந்தியாள் கை தட்டினாள். மனைவி என் பக்கம் திரும்பினாள். "அப்போ அந்த நூறு கிராமையும் நாஷ்டாவுக்குப் போடு" என்றாள்.

போட்டேன். அடை மாவு இருந்தது. பாட்டிலிலிருந்து நிறுத்த நூறு கிராமையும் அதில் கொட்டினேன். மாவு மூச்சை நிறுத்திக்கொண்டது. கரண்டி நட்டுக்கொண்டு நின்றது. கோடையில் ஏரியின் அடியில் வெடிக்கக் காத்திருக்கும் சேறு எப்படி இருக்குமோ அப்படி. கல்லில் தட்டியபோது கருகுவதற்கு முன்பே கருப்பாக இருந்தது. மூன்று பேரும் ஆளுக்கு ஒரு விள்ளல் வாயில் போட்டோம். யாரும் மெல்லவில்லை, யாரும் துப்பவுமில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கசப்பு தொண்டையில் படுத்துப் போர்த்திக்கொண்டது. முதலில் சிரித்தது கொழுந்தியாள். சிரிப்போடு பச்சைத் தூளும் வந்தது.

"மாமா, இது ஸ்பூன்ல போட்ற சமாச்சாரம். நீ மூட்டைக் கணக்குல போட்டுக்கினு கீறே!"

மனைவி தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினாள். "மண்டில ஈர நெல்லு வந்தா கைய வுட்டு அள்ளிப் பாத்தே 'இன்னும் காயல, எடை கொறையும்'னு திருப்பி அனுப்பற ஆளுய்யா நீ. பீட்ரூட்டு ஈர நெல்லு. பொடி காஞ்ச நெல்லு. ரெண்டயும் ஒரே தராசுல வெச்சி இன்னாய்யா நியாயம் பேசற?"

எத்தனை அறுவடையாக இதைத்தானே விவசாயிகளுக்குச் சொல்லி வருகிறேன்! களத்தில் காயாத நெல்லின் எடையில் பாதி பொய் என்று. நம் வீட்டு அடுப்படிக்கு வந்ததும் மறந்துபோனது. அந்த அடையை விழுங்கியதைவிட இதை விழுங்குவதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனால் எவ்வளவு இன்பமான தோல்வி! உடனே கொல்லைக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு முருங்கை எங்கள் பக்கம் நீட்டியிருந்த கிளையை வளைத்து, கை கொள்ளாத அளவு ஒடித்து வந்தேன். உருவி, நிறுத்து, புடவையில் பரப்பினேன். பீட்ரூட்டையும் வில்லை வில்லையாக அரிந்து பக்கத்திலேயே காயப் போட்டேன். மண்டிக்குப் போகும்போது ஒரு பார்வை, வந்ததும் ஒரு பார்வை. நாளாக ஆக இலை தன்னைத்தானே மடித்துக்கொண்டது, பிடித்தால் சலசலத்தது. மடி நிறைய இருந்தது உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. பீட்ரூட்டின் கதை அதைவிடப் பரிதாபம். தட்டு நிறைய இருந்தது, காய்ந்த ரோஜா இதழ் மாதிரி ஒரு பிடி.

எதுவும் கூடவில்லை. தண்ணீர் எழுந்து போயிருந்தது, அவ்வளவே. மிச்சமிருந்தவை நெருக்கி உட்கார்ந்துகொண்டன.

பிறகு நேர்மையாகக் கணக்குப் பார்த்தேன், தட்டில் விழுகிற அளவை வைத்து. ஒரு ஸ்பூன் பொடி, ஒரு கிண்ணம் பீட்ரூட் பொரியல். இரும்பைப் பொறுத்தவரை இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றன. பொடியில் சுண்ணாம்புச் சத்து கூடுதல். ஆனால் பச்சை இலையில் கொட்டிக் கிடக்கும் வைட்டமின் சி காய்ந்த இலையில் பெரும்பாலும் போய்விடுமாம். அது இல்லாவிட்டால் இந்த இரும்பை உடம்பு சரியாகப் பிடித்து வைக்காதாம். ஆக, காய்ந்ததற்குத் துணையாக ஒரு பச்சைக் காய் வேண்டும். பெருநெல்லிக்காய் வந்தது. பொரியலின் மேல் எலுமிச்சை பிழியப்பட்டது. பொடிக் கட்சியும் பீட்ரூட் கட்சியும் கூட்டணி வைத்தன.

மாத்திரை வாங்கப் போன இடத்தில் இன்னொரு குண்டு விழுந்தது. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்பு ஏறாதாம். ஒரு மணி நேரமாவது விட வேண்டுமாம். என் மனைவி நாஷ்டா தட்டைக் கழுவுவதற்குள் டீயை முடிக்கிறவள். "ரத்தம் குடுக்கறேன்னு ஒத்துக்கினேன், டீய குடுக்கறேன்னு எப்பய்யா சொன்னேன்?" என்றாள். பேஜார்தான். ஆனாலும் சுவர்க் கடிகாரத்தை முறைத்துக்கொண்டு காத்திருந்தாள். துணைக்கு நானும் காத்திருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் பேசிய அளவுக்குக் கல்யாணமான புதிதில்கூடப் பேசியதில்லை.

மறுபடி முகாம் வந்தது. அதே மண்டபம், அதே மேடை, கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரம் வாசலில் வாடிக்கொண்டிருந்தது. கொழுந்தியாளும் வாலாஜாபாத்திலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டாள், தன் பொடியின் முடிவு தெரிய வேண்டுமே. விரலைக் குத்தினார்கள். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். தங்கை அவள் புடவை முந்தானையைப் பிடித்துத் திருகினாள். நான் தூணுக்கும் மேஜைக்கும் இடையில் நடந்துகொண்டிருந்தேன்.

"பன்னெண்டு பாயின்ட் எட்டு. போங்கக்கா, அந்தக் கட்டில்ல படுங்க."

தங்கை அக்காவைக் கட்டிப் பிடித்த வேகத்தில் மேஜைமேல் இருந்த பஞ்சு டப்பா உருண்டது. மாத்திரையும் தன் வேலையைச் செய்திருக்கும். பாவம், அதற்கு யாரும் கை தட்டவில்லை.

வந்தது வந்தோம், நாமும் கொடுப்போம் என்று நானும் கையை நீட்டினேன். பி.பி. பார்த்த தம்பி, "சார், எகிறிக் கீது. செத்த நேரம் உக்காருங்க" என்றான். உட்கார்ந்தேன். எழுந்து நடந்தேன். மறுபடி பார்த்தான். "இன்னைக்கு வேணாம் சார்."

கட்டிலில் படுத்து ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டிருந்த மனைவி, தலையைத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பை நிறைந்துகொண்டிருந்தது. தங்கையிடம் கண்ணால் அதைக் காட்டினாள்.

"பாருடி. பீட்ரூட்டு கலரு."

"அப்போ என் பொடிக்குப் பச்சையாவா வரும்?"

ரத்தம் எடுக்க வந்திருந்த பெண்ணும் சிரித்துவிட்டாள். எழுந்து உட்கார்ந்தவளுக்கு பிஸ்கெட்டும் பழச்சாறும் நீட்டினார்கள். யாரோ டீ கொண்டுவந்தார்கள். "டீயா? ஒரு மணி நேரம் கழிச்சி" என்று கையால் மறித்தாள். பழக்கம்! பிஸ்கெட்டில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள், எதையும் கொடுக்காதவனுக்கு.

தங்கையை பஸ் ஏற்றிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். பின்னாலிருந்து பேச்சு ஓயவில்லை. பந்து எப்படி இருந்தது, ஊசி எப்படி வலிக்கவே இல்லை, பக்கத்துக் கட்டில் பையன் எப்படிப் பயந்தான். ஏரிக்கரையில் காற்று அடித்துக்கொண்டு போனது; பாதிச் சொற்கள் தண்ணீர்மேல் விழுந்தன.

"யாரு வூட்டுக்குப் போவும்யா அது?"

"தெரியாது. எங்கியோ ஒரு வூட்டுக்கு."

கொஞ்ச தூரம் யோசித்தாள். பிறகு என் முதுகில் தட்டினாள்.

"எங்க வேணா போவட்டும். சாப்ட்ட ஒடனே டீ குடிக்காத வூடா இருந்தா சரி."