ஒன்பது செகண்டு

என் சித்தி கண்ணை மூடிக்கொண்டு சரியாக ஒரு நிமிஷம் எண்ணுவாள். நான் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு சோதிப்பேன். அறுபது என்று சொல்லி அவள் கண்ணைத் திறக்கும்போது முள்ளும் அங்கேதான் நிற்கும். மிஞ்சிப்போனால் அரை செகண்டு முன்னே பின்னே போகும். குக்கர் விசிலுக்குக் காத்திருந்தாலும் சரி, ரயில்வே கேட்டில் நின்றாலும் சரி, எங்கள் இரண்டு பேருக்கும் அதுதான் விளையாட்டு. பாஸ்கெட்பால் நடுவருக்கு இது கைவராவிட்டால் பிழைப்பு ஓடாது என்பாள். எட்டு செகண்டுக்குள் பந்து பாதி மைதானத்தைத் தாண்டியாக வேண்டும், ஒருத்தன் பந்தைக் கட்டிக்கொண்டு ஐந்து செகண்டு நிற்கக் கூடாது. இதையெல்லாம் கூடவே ஓடிக்கொண்டு மனசுக்குள் எண்ண வேண்டும்.

சித்தி அம்மாவின் தங்கை. வார நாட்களில் மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனியில் நட்டு, போல்ட்டுகளை அளந்து பார்த்து நல்லது கெட்டது பிரிக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்துவிடுவாள். அம்மாவுக்கு ஞாயிறும் ட்யூட்டி என்பதால் நானும் பின்னால் தொற்றிக்கொள்வேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. ஊரறிந்த பயந்தாங்கொள்ளி. யாராவது சத்தமாகப் பேசினாலே சித்தியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். சித்தி அம்மாவிடம் சொல்வதையெல்லாம் கேட்டுக் கேட்டு அந்தப் பயம் இன்னும் வளர்ந்திருந்தது. எங்கேயோ ஒரு மைதானத்தில் தோற்ற அணிக்காரர்கள் நடுவரின் வண்டி பெட்ரோல் டாங்கில் மண்ணைக் கொட்டிவிட்டார்களாம். அன்றிலிருந்து சித்தியின் ஸ்கூட்டியை எங்கே நிறுத்தினாலும் நான்தான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.

அந்த வருஷம் மாநில நடுவர் பட்டியலுக்குச் சித்தியின் பெயர் போயிருந்தது. ஆறு வருஷமாக அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். இன்னும் ஒரே ஒரு ஆட்டத்தின் அறிக்கை நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் போதும். ஆவடிப் பக்கம் ஒரு மைதானத்தில், ஞாயிறு மாலை இறுதிப் போட்டி.

கூட விசில் ஊத வந்தவரை எல்லோரும் சார் என்றார்கள். அவர்தான் தலைமை நடுவர். ஆட்டத்துக்கு முன்னால் யார் எந்தப் பக்கம் பார்ப்பது என்று இரண்டு பேரும் பேசிக்கொள்வது வழக்கம். சார் அந்தப் பேச்சை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"நான் ஊதினா நீ ஊதாதே. நான் ஊதலைன்னா அது தப்பே இல்லம்மா."

சொன்னபடியே நடந்தும் காட்டினார். சித்தி விசில் ஊதிக் கையைத் தூக்கினால், அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து வேறு சைகை காட்டுவார். கூட்டம் சிரிக்கும். சித்தி உதட்டைக் கடித்துக்கொண்டு தன் இடத்துக்குப் போவாள்.

மேஜையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஸ்கோர் எழுதுகிறவர் தாளை விட்டுத் தலையை நிமிர்த்தவே மாட்டார். நேரம் பார்க்கிறவர் அந்த மைதானத்துக் கிளப்பின் ஆள். கையில் ஸ்டாப்வாட்ச், பக்கத்துக் கம்பத்தில் ஒரு தண்டவாளத் துண்டு. நேரம் முடிந்தால் இரும்புக் கம்பியால் அதை அடிக்க வேண்டும், அதுதான் அங்கே மணி. உள்ளூர் அணியின் ஏழாம் நம்பர் அவருடைய மகன். இதை அவரே பெருமையாக என்னிடம் சொன்னார். புள்ளி அட்டையைத் திருப்ப வேண்டிய பையன் வராததால் என்னை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார்கள். எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன். இப்போதும் கெட்டவர் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஆட்டம் முடியப்போகும்போது வெளியிலிருந்து வந்த அணி ஒரு புள்ளி முன்னால் இருந்தது. பன்னிரண்டு செகண்டுதான் பாக்கி, பந்தும் அவர்கள் கையில். உள்ளே எறிந்தார்கள். உள்ளூர்ப் பையன்கள் துரத்த, அவர்கள் பந்தைத் தட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஓடினார்கள். எங்கள் விளையாட்டின் பழக்கத்தில் நானும் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் சித்தியின் உதடும் அசைந்தது. ஐந்து வந்தபோது தற்செயலாகப் பக்கத்தில் பார்த்தேன். நேரம் பார்க்கிறவரின் கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. வாட்ச் ஓடவே இல்லை. ஆறு, ஏழு, எட்டு. பத்து வரும்போதுதான் விரல் இறங்கியது. பதின்மூன்றில் பந்து கைநழுவிக் கோட்டைத் தாண்டிப் போனது. சார் விசில் ஊதி உள்ளூர்ப் பக்கம் கையைக் காட்டினார். பன்னிரண்டு தாண்டியும் மணி அடிக்கவில்லை.

சித்தி நேராக மேஜைக்கு வந்தாள். எவ்வளவு பாக்கி என்று கேட்டாள். ஒன்பது என்றார் அவர். நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். அவர் வாட்சை நீட்டிக் காட்டினார். அதற்குள் எங்கள் பின்னால் கூட்டம் நெருக்கிக்கொண்டு வந்துவிட்டது. யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எட்டி உதைத்தார்கள். சித்தி திரும்பி சாரைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் ஊதியதையெல்லாம் மாற்றிக்கொண்டிருந்த சார், டேபிள் உன் பக்கம்தானே, நீயே முடிவு பண்ணு என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். ஸ்கோர் எழுதுகிறவர் தனக்கு எழுத மட்டும்தான் தெரியும் என்றார்.

நேரம் பார்க்கிறவர் என் தோளில் கையை வைத்தார். அந்தக் கை சில்லென்று வேர்த்திருந்தது.

"கொயந்த கூட வாட்ச்சத்தான் பாத்துகினு இருந்துச்சு. வேணும்னா அதாண்டயே கேளு மேடம்."

"அவள இதுல இழுக்காதீங்க," என்றாள் சித்தி.

அவள் சொல்லி முடிப்பதற்குள் என் காதுக்குப் பின்னால் ஒரு குரல் வந்தது. முகம் தெரியவில்லை. மூச்சு மட்டும் கழுத்தில் சுட்டது.

"சொல்லு பாப்பா. இன்னா பாத்த?"

பெட்ரோல் டாங்கில் விழும் மண் ஞாபகம் வந்தது. உண்மையைச் சொன்னால் இவர்கள் சித்தியை அடிப்பார்கள் என்று நினைத்தேனா, என்னை அடிப்பார்கள் என்று நினைத்தேனா? பெரியவளானதும் முதலாவதுதான் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டாவதுதான்.

"ஒன்பது செகண்டு இருக்கு சித்தி."

சித்தி என் முகத்தைப் பார்ப்பாள் என்று பயந்தேன். அவள் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே, பின்னால் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு மைதானத்தைப் பார்த்துத் திரும்பி, ஒன்பது விரல்களைத் தூக்கிக் காட்டினாள்.

ஏழாம் நம்பர் பையன் பந்தைக் கூடையில் போட்டுவிட்டான். தண்டவாளத்தை அடித்த அடியில் என் காது அடைத்துக்கொண்டது. மேளம், விசில், தோளில் தூக்கிக்கொண்டு ஓட்டம். தோற்ற அணியின் கோச் சித்தியிடம் வந்து மெல்லிய குரலில், உங்களுக்குத் தெரியும் மேடம் என்று மட்டும் சொன்னார். என்னிடமும் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று நான் அட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவர் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்துப் பின்பக்கமாகக் கூட்டி வந்தாள். ஸ்கூட்டியின் பக்கத்தில் நான் ரோஸ் மில்க் முழுவதையும் வாந்தி எடுத்தேன். அவள் முதலில் என் வாயைத் துடைத்தாள். அப்புறம் டாங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தாள். மண் எதுவும் இல்லை.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன் அடுப்படி மேடையில் வைத்து அறிக்கை எழுதினாள். பல் தேய்த்துக்கொண்டே எட்டிப் படித்தேன். வாட்ச் தாமதமாக ஓடியதைத் தான் கவனிக்கவில்லை, தன் எண்ணிக்கையும் தவறிவிட்டது, முடிவு முழுக்கத் தன்னுடையது என்று எழுதியிருந்தாள். மேஜையில் ஒரு சிறுமி உட்கார்ந்திருந்ததாக அதில் எங்கும் இல்லை. எனக்கு எவ்வளவு நிம்மதி! சித்தியே எண்ணிக்கையைக் கோட்டை விட்டிருக்கிறாள், அப்படியானால் என் பொய்யால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அன்று இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பட்டியல் வந்தது. சித்தியின் பெயர் இல்லை. கூட இருந்த நடுவர் கணக்கில் சொதப்பிவிட்டார் என்று சாரும் எழுதிக் கொடுத்திருந்தாராம். அம்மா அழுதாள். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று சித்தி சொன்னாள்.

அந்த வாரமே அண்ணனூர் கேட்டில் ரயிலுக்காக நின்றோம். நான் கடிகாரத்தை நீட்டி, எண்ணு சித்தி என்றேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். எலக்ட்ரிக் ரயில் தடதடத்துப் போனது, பின்னால் லாரிக்காரர்கள் ஹாரனை அமுக்கினார்கள், கேட் மேலே ஏற ஆரம்பித்தது. அவள் அசையவில்லை. அறுபது என்று கண்ணைத் திறந்தாள். முள் சரியாக அறுபதில் நின்றது. சித்திக்கு எண்ணிக்கை மறுபடியும் சரியாகிவிட்டது என்று நான் கைதட்டினேன். அந்த ஒரு நாள் மட்டும் அது எப்படித் தவறியது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.