விஜிதரன் எழுப்பிய பெட்டி

விஜிதரனின் கைகள் ஒரு மெமரித் தகட்டைப் பிடித்துக்கொண்டு, அதன் பித்தளைப் பற்களைப் பென்சில் அழிப்பானால் தேய்த்துக்கொண்டிருந்தன. மேசை என்னுடையது. அறையும் என்னுடையதுதான். தோட்டத்து டிஸ்பென்சரியில் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். குவாட்டர்ஸின் பக்கத்து அறை சும்மா கிடந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நாலு வீட்டுக்காரர் ஒரே நேரத்தில் இஸ்திரிப் பெட்டி போட்டால் விளக்கு மங்கிப்போகும். என் அறையில் கரண்ட் நிலையாக வரும். அதனால் இங்கே வைத்து வேலை செய் என்றேன்.

அது இரண்டாயிரத்து மூன்று, கார்த்திகை. எங்கள் மலையகத்து றொசல்லவில் ஒன்பது நாளாக மழை.

விஜிதரன் எங்கள் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். பெக்டரியை மூடினார்கள். அதற்குப் பிறகு ரேடியோ, டீவி, யாரோ தூக்கிப்போட்ட கம்பியூட்டர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் திறந்து பார்த்தான். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். ஹட்டனில் ஒரு கம்பியூட்டர் வகுப்பில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். அதை நடத்தியவர் தம்பிராசா, யாழ்ப்பாணத்து மாஸ்டர்.

"உம்மட்டைச் சேர்டிபிக்கற் இருக்கோ?"

"இல்லீங்க சேர்."

"அப்ப வேலையைக் காட்டும். இந்த ரெண்டு சீடியிலும் லினக்சின்ர மூலநிரல் கிடக்கு. நீரே ஒவ்வொண்டாக் கட்டி, ஒரு பழைய பெட்டியை எழுப்பிக் கொண்டாரும். வெள்ளிக்கிழமை காலமை. எழும்பினால் வேலை."

எழும்பாவிட்டால் என்ன என்பதும் முடிவாகியிருந்தது. தை பிறந்ததும் கொழும்பில் மச்சான் கடையில் சாமான் கட்டப் போக வேண்டும். மனைவி சுதர்ஷினியும் பிள்ளைகளும் இங்கே, அவன் அங்கே.

மூலநிரல் என்பது மனிதர் எழுதியது. அதை மெஷினுக்கு விளங்கும்படி கட்டித்தான் ஓட்ட முடியும். இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் அவன்தான். என்னிடம் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் யாரானாலும் விவரம் சொல்லித்தான் ஆக வேண்டும். அவனிடம் இரண்டு கம்பியூட்டர்ப் பெட்டிகள் இருந்தன. என் அறையில் இருந்தது கொஞ்சம் வேகமானது. அதில்தான் கட்டினான். ஆனால் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த அந்தச் சிஸ்டத்தில் எழுதித் திருத்துகிற கருவி இன்னும் வரவில்லை. திருத்தம் வேண்டுமானால் லயத்து வீட்டிலிருந்த பழைய பெட்டிக்குப் போய், அங்கே திருத்தி, பிளாப்பியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். போக பத்து நிமிஷம், வர பத்து நிமிஷம்.

மூன்று நாள் எல்லாம் நன்றாகவே போனது. புதன்கிழமைதான் வினை வந்தது. பெட்டி எழும்பத் தொடங்கும், தன் ஹார்ட் டிஸ்க்கைத் தேடும், கிடைக்காமல் அப்படியே நின்றுவிடும்; திரும்பக் கட்ட ஒவ்வொரு தடவையும் சீடியிலிருந்து எழுப்ப வேண்டும். விஜிதரன் ஒரு கோப்பில் ஒரு வரியைத் திருத்தினான். கட்டினான். நின்றது. ஓடிப்போய் இன்னொரு விதமாகத் திருத்திக்கொண்டு வந்தான். கட்டச் சொன்னான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரு வரி வந்தது. மறுபடியும் அதே இடத்தில் நின்றது.

"நர்ஸம்மா, இது என்னைய வச்சு வெளையாடுதுங்க. ஓட்டமா ஓடிப்போயி திருத்திக்கிட்டு வந்தா அதே பெழ. வீட்டுல ஒக்காந்து தேத்தண்ணி குடிச்சிட்டு வந்தா வேற பெழ."

"அப்ப தேத்தண்ணியில ஏதோ இருக்கு" என்றேன்.

"சிரிக்காதீங்க."

நான் சிரிக்கவில்லை. காய்ச்சல் விட்டுவிட்டு வந்தால் எந்த வேளை வருகிறது என்று குறிப்பது என் வழக்கம். அவனும் ஒரு கொப்பியில் ஒவ்வொரு முயற்சியையும் நேரத்தோடு எழுதித்தான் வைத்திருந்தான். ஆனால் புதன் முழுக்க அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. டிஸ்க்கைச் சந்தேகப்பட்டான், கம்பியைச் சந்தேகப்பட்டான். கடைசியில் மெமரியைக் கழற்றி அழிப்பானால் தேய்க்க உட்கார்ந்தான். அது வியாழன் பகல். மறுநாள் வெள்ளி.

அந்த நேரத்தில்தான் சுதர்ஷினி வந்தாள். பகல் சாப்பாட்டுக்கு மலையிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போய், அவனுக்கு ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கொழுந்து பறிக்கையில் கட்டுகிற படங்குச் சாக்கு இன்னும் இடுப்பிலேயே இருந்தது. என் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"பன்னெண்டு நாப்பதா. ஒரு மணிக்கு கங்காணி மலையில நிப்பாரு. வீட்டுல இருந்து கெளம்பையில சரியா பன்னெண்டுதான்."

"அது ஒன் மாமியா கடிகாரம்" என்றேன்.

தொண்ணூற்றாறில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னால் தள்ளியது. முதலில் ஒரு மணி, பிறகு குறைத்து அரை மணி. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டும் ரயிலும் ரேடியோவும் புது நேரத்துக்கு மாறின. கோயில் மாறவில்லை. விஜிதரனின் அம்மா வேலாயியும் மாறவில்லை. ராகுகாலம் பார்க்கிற வீட்டில் கவர்மெண்டு நேரம் எதற்கு என்று கேட்டு, ஏழு வருஷமாகக் கடிகாரத்தைத் தொடவிடாமல் வைத்திருந்தாள். இங்கே பலரும் இரண்டு நேரத்தையும் மனதில் வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறோம். அதனால் யாருக்கும் அது உறைப்பதில்லை.

"என்னமோ போங்க" என்றாள் சுதர்ஷினி. "அந்த வீட்டுக்குள்ள போனா எனக்கு அரமணி வயசு கொறையுது. இங்க வந்தா திரும்ப கெழவியாயிடுறேன். நீ என்னத்த அப்புடி முழிக்கிற? சாப்புடு."

விஜிதரன் சாப்பிடவில்லை. கொப்பியை இழுத்து விரித்தான். விரலை வைத்துக் கீழே கொண்டுபோனான்.

"நாலு இருவதுக்கு இங்க கட்டியிருக்கேன். நாலே முக்காலுக்குத் திரும்பி வந்திருக்கேன். நடுவுல வீட்டுல திருத்துனது நாலு அஞ்சுக்கு." அண்ணாந்து பார்த்தான். "கட்டுறதுக்கு முன்னாடியே திருத்தியிருக்கேனாம், நர்ஸம்மா."

வீட்டுப் பெட்டிக்கு அம்மாவின் கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்திருந்தான். என் அறைப் பெட்டிக்கு என் கடிகாரத்தைப் பார்த்து. கட்டுகிற கட்டளை கோப்புகளின் நேரத்தை மட்டும்தான் பார்க்குமாம். எழுதியது புதிதென்றால் மறுபடி கட்டும். கட்டியது புதிதென்றால் வேலை முடிந்தது என்று விட்டுவிடும். ஓடிப்போய்த் திருத்திய கோப்பு பழைய நேரத்தோடு வந்தது. கட்டளை அதைத் தொடவேயில்லை. தேத்தண்ணி குடித்துத் தாமதித்துத் திருத்தினால்தான் அந்த அரை மணி தாண்டி ஏறியது. அவனுடைய சரியான திருத்தம் புதன்கிழமை இரண்டாவதாக எழுதியது. அது ஒருபோதும் கட்டப்படாமலே, பிழை என்று தள்ளப்பட்டுவிட்டது.

"அப்ப ஒங்கம்மாதான் காரணம்" என்றாள் சுதர்ஷினி.

"நான்தான். அம்மா கடிகாரத்த நம்பச் சொல்லல."

"இதக் கொஞ்சம் எழுதிக் கையெழுத்து வச்சுக் குடு. அத்தகிட்ட காட்டணும்" என்று சொல்லிவிட்டு மலைக்கு ஏறினாள். கங்காணியிடம் ஏச்சு வாங்கியிருப்பாள்.

அந்த ஒரு வரியை மட்டும் சரி செய்திருக்கலாம். விஜிதரன் அப்படிச் செய்யவில்லை. இன்னும் எந்தெந்தத் துண்டு பழையதோ தெரியாது என்று, கட்டிய கேர்னலை, அதாவது சிஸ்டத்தின் உள்மையத்தை, முழுவதும் அழித்தான். வீட்டுக்குப் போய்ப் பழைய பெட்டியின் நேரத்தைத் திருத்தி, கோப்பில் அந்த இரண்டாவது திருத்தத்தைப் போட்டு எடுத்து வந்தான். ஒன்றரை மணிக்கு முதலிலிருந்து கட்டத் தொடங்கினான். புண்ணை முழுவதும் சுத்தம் செய்யாமல் கட்டுப் போடுவதில்லை, ஆகவே எனக்கு அது பிடித்திருந்தது. ஆறரைக்கு முடிந்தது. பெட்டி எழும்பியது. கறுப்புத் திரையில் ஒரு கோடு கண் சிமிட்டியது. அவன் ஆறிப்போன ரொட்டியைத் தின்றான்.

மறுநாள் காலை எனக்கு ஹட்டனில் கண் கிளினிக். மழைக்குப் பெட்டியைப் பொலித்தீனில் சுற்றி, மேலே என் பழைய கம்பளியைப் போட்டுக் கட்டினோம். றொசல்லவிலிருந்து ஹட்டன் ஒரே ஸ்டேஷன். வழி முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். வகுப்பில் தம்பிராசா மாஸ்டர் தன் திரையையும் கீபோர்டையும் அதில் பூட்டினார். பெட்டி எழும்பியது. அவர் முகம் மாறவில்லை.

"எங்கை பிழைச்சது? பிழைக்கேல்லை எண்டு மட்டும் சொல்லாதையும்."

விஜிதரன் அரை மணிக் கதையை ஒன்றும் மறைக்காமல் சொன்னான். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி. உம்மட பெட்டி இங்கை நிக்கட்டும், பெடியளுக்குக் காட்ட வேணும். பின்னுக்கு மூண்டு மெஷின் செத்துக் கிடக்கு. இண்டைக்கே தொடங்கும்."

அவன் அன்றைக்குப் போட்டுவந்த கலியாணச் சட்டையின் கையை மடித்துவிட்டு, முதல் மெஷினின் மூடியைக் கழற்றினான். நான் கிளினிக்குக்குப் போகிற வழியில் தபால் கந்தோரில் நுழைந்து தோட்டத்து ஆபீசுக்கு ஒரு கோல் எடுத்தேன். மலையில் நிற்கிற சுதர்ஷினிக்குச் சொல்லச் சொன்னேன்: அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது, இன்றைக்கே தொடங்கிவிட்டான், சாயங்கால ரயிலில் வருவான், பெட்டி வராது.