ஸ்பெயினிலை எவடம்?

ஒஸ்லோவில் ஒரு பெரிய அலுவலகத்தின் கன்ரீன் சமையலறையில் நான் நாலு வருசம் நிரந்தரமாகத் தற்காலிக வேலையில் இருந்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு கடிதம் வரும்: இன்னும் ஆறு மாதம் இருக்கலாம். மனைவி அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டுவாள். "இஞ்சேருங்கோ, உள்ளுக்கை இருக்கிற பாலுக்கும் திகதி, வெளியிலை நிக்கிற உங்களுக்கும் திகதி" என்பாள்.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு மார்ச் மாதம் கன்ரீன் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். நோர்வேக்காரி, நல்ல மனுசி. இருபது வருசமாகக் குளிர்காலம் தவறாமல் ஸ்பெயினுக்குப் போய் வருகிறவர். ஆனால் போகும்போது ஸ்பெயின் என்று சொல்லமாட்டார். "தெற்குக்குப் போறன்" என்பார். இந்த நாட்டில் எல்லாரும் அப்படித்தான். வெயிலும் மணலும் மலிவான வைனும் உள்ள இடமெல்லாம் தெற்கு. அது எந்த நாடு என்பது விமானம் இறங்கின பிறகு விசாரிக்கிற விஷயம்.

"அடுத்த கிழமை ஸ்பெயினிலை இருந்து நாலு எஞ்சினியர்மார் வருகினம். வியாழக்கிழமை மத்தியானம் ஸ்பானியச் சாப்பாடு, நீதான் சமைக்கிறாய். உனக்குத்தான் உறைப்புச் சாப்பாடு தெரியுமே. நல்லாய் வந்தால் உன்ரை நிரந்தர வேலையைப் பற்றி மேலிடத்திலை கதைக்கிறன்."

ஸ்பானியர் உறைப்புத் தின்னிகள் இல்லை என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. அவருக்கு இருபது வருசமாகியும் தெரியவில்லை.

அலங்காரத்தை அவர் முன்கூட்டியே முடித்துவிட்டார். ஒரு நீள மேசை, ஒரு தேசியக் கொடி, சுவரில் ஒரு காளை மாட்டுப் படம், கைதட்டிக் கால்தட்டிப் பாடுகிற ஒரு இசைத்தட்டு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இவர்கள் ஒரு கடற்கரையைப் பதம் பார்த்துவிட்டுப் பானையையே மூடிவிட்டார்கள்.

நான் நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்து, வீடு இருந்த ரொம்சோசில் இருந்து சுரங்க ரயிலில் போக வரப் படித்தேன். ஒரு நாட்டுக்குள்ளே நாலைந்து மொழி. நூற்றாண்டுக் கணக்கில் முஸ்லிம் அரசர்கள் ஆண்டிருக்கிறார்கள். நெற்பயிரை அங்கே பரப்பினது அரபியராம். எங்கடை ஆக்களிடம் இதைச் சொல்லக்கூடாது. அரபியருக்கு நெல்லைக் குடுத்தது ஆர் என்று தொடங்கிவிடுவார்கள்.

வாசிக்க வாசிக்க என் யாழ்ப்பாண மூளை விழித்தது. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேரைக் கேட்கமுதல் "ஊரிலை எவடம்?" என்றுதான் கேட்போம். பதிலைக் கேட்ட பிறகுதான் சிரிப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்போம். வரவேற்பில் இருந்த பிள்ளையைக் கொண்டு அந்த நாலு பேருக்கும் அதே கேள்வியை மின்னஞ்சலில் அனுப்பினேன். பதில் வந்தது. ஒருத்தி கலீசியா, ஒருவர் பாஸ்க், ஒருவர் அந்தலூசியா, ஒருவர் வலன்சியா.

நாலு ஊர்! போன வருசம்தான் இங்கே எங்கள் ஊர்ச்சங்கம் கிழக்கு, மேற்கு என்று பிரிந்து, ஒரே நாளில் ஒரே கட்டடத்தின் இரண்டு மாடிகளில் பொங்கல் விழா வைத்தது. மேல்மாடிக்காரர் கீழ்மாடிப் பொங்கலைத் தொடவில்லை.

"ஒரு சின்னக் குறிச்சியே ரெண்டாய்ப் போச்சு, ஒரு நாடு நாலாய்ப் போகாதோ?" என்றாள் மனைவியும்.

வியாழன் காலை நீள மேசையைக் கழற்றி, மூலைக்கு ஒன்றாய் நாலு சின்ன மேசை போட்டேன். ஒவ்வொன்றிலும் அந்தந்தப் பகுதிக் கொடி, கடதாசியில் நிறம் தீட்டினது.

பதினொரு மணிக்குப் பொறுப்பாளர் வந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. "என்ன செய்து வைச்சிருக்கிறாய்?"

"அவை ஒண்டாய் இருக்கமாட்டினம்."

"எல்லாரும் ஸ்பெயின்காரர்தானே!"

"ஓம். அதாலைதான்."

அவர் வாய் திறக்கமுதல் விருந்தாளிகள் அலுவலக இயக்குநரோடு வாசலில் நின்றார்கள். நாலு மூலையையும் பார்த்தார்கள். கால்தட்டுகிற பாட்டு மட்டும் கேட்டது. குளிர்சாதனப் பெட்டியில் அடுத்த காந்தத்துக்கு வேலை இல்லை என்று நினைத்தேன்.

கலீசியாக்காரிதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். பிறகு நாலு பேரும் கிறீச் கிறீச்சென்று மேசைகளை இழுத்து ஒன்றாக்கி, கொடிகளை நடுவில் குத்தி, இருந்து சண்டையைத் தொடங்கினார்கள். எங்களுக்கும் விளங்கட்டுமென்று ஆங்கிலத்திலேயே பிடித்தார்கள்.

வலன்சியாக்காரர் மூடியைத் திறந்தார். "இது என்ன?"

"பாயேயா," என்றேன். அவர்கள் ஊரில் தட்டையான சட்டியில் சமைக்கிற சோறு.

"சொசேச் இறைச்சியும் பச்சை மிளகாயும் போட்டோ? தம்பி, இது பாயேயா இல்லை. சாமான் போட்ட சோறு."

"பேசாமல் தின் அண்ணை," என்றார் அந்தலூசியாக்காரர், உறைப்பில் கண்ணீர் வடிய, சாப்பாட்டுக் கோப்பையை இன்னொருக்கால் நீட்டியபடி.

"இந்த மாடு எங்கடை பக்கம் வந்தால் மழையிலை நனைஞ்சு சளி பிடிச்சுச் செத்துப்போம்," என்று சுவரைக் காட்டினாள் கலீசியாக்காரி. "எங்களுக்கு உந்தக் கால்தட்டும் இல்லை. நாங்கள் தோல்பை ஊதுகுழல் ஊதுற ஆக்கள்."

"எங்கடை மொழிக்கு உலகத்திலை சொந்தமெண்டு ஒரு மொழியும் இல்லை," என்றார் பாஸ்க்காரர். இதே பெருமையை இதே குரலில் நான் எத்தனையோ தமிழ்க் கலியாண வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

இரண்டு மணித்தியாலம். ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டமாம். இங்கே ஊர் நாலு பட்டது. கூத்தாடியான எனக்குச் சட்டியை உரஞ்சுகிற வேலைகூட மிச்சம் வைக்கவில்லை, வழித்துத் துடைத்துவிட்டார்கள். அவர்கள் சண்டை பிடிப்பார்கள் என்று நான் நினைத்தது சரி. சண்டை பிடிக்க ஒரே மேசை வேண்டும் என்பதுதான் தெரியாமல் போய்விட்டது. எங்கள் ஊர்ச்சங்கத்துக்கும் அதை ஒருவரும் சொல்லவில்லை.

போகும்போது கலீசியாக்காரி தன் கொடியைப் பைக்குள் வைத்துக்கொண்டு இயக்குநரிடம் சொன்னாள்: "உங்கடை நாட்டிலை எங்களை எவடமெண்டு கேட்ட முதல் ஆள் இவர்தான்."

வெள்ளிக்கிழமை பொறுப்பாளர் ஒரு கடிதத்தை நீட்டினார். புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். முடிகிற திகதி இல்லை. பாலாய் இருந்தவன் உப்பாகிவிட்டேன்.

"மேலிடத்துக்கு நல்ல சந்தோசம்," என்றார். "மே மாதம் இந்தியாக் கிழமை வைக்கிறம். நீதான் சரியான ஆள்."

"நான் இலங்கை."

"ஓம், ஓம், அந்தப் பக்கம்தானே."

"சரி. இந்தியாவிலை எவடம்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "முழு இந்தியாவும்."

கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்க் கன்ரீன் மேசைகளை எண்ணினேன். மொத்தம் பதினெட்டு. இந்தியாவுக்குக் காணாது.